பெட்டிக்குள் முப்பத்தேழு பாகை

பத்மாசினி சைக்கிளை வேலியோடு சாத்தியபோது காலை பத்து மணி இருக்கும். அரியாலையில், கடல்நீரேரியை நோக்கி இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு அது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஆடி மாதம். தென்மேற்கிலிருந்து வந்த சோழகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். பைக்குள் புட்டுப் பொதியோடு, பஞ்சில் சுற்றிய நீளமான கண்ணாடி வெப்பமானி ஒன்றும் இருந்தது. அவள் பௌதிகம் படிப்பித்த பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டது. ஆய்வுகூடத்தில் உடையாமல் மிஞ்சிய சாமான் அது ஒன்றுதான்.

விறாந்தையில் தம்பிஐயா காத்திருந்தார். பதிவு மீட்புக் குழுவின் செயலாளர். அறுபது வயது, வெள்ளை வேட்டி, காதில் செருகிய பேனை.

"வாங்கோ பிள்ளை. கொம்பியூட்டர் அந்த அறைக்கைதான் இருக்கு. நான் உள்ளுக்கு வரேல்லை. குறை நினையாதேங்கோ."

"ஏன் ஐயா, கடிக்குமோ?"

"பகிடி விடாதேங்கோ. உங்களுக்கு முந்தி வந்த ரெண்டு பேரும் உச்சிக்கு முன்னமே ஓடிவிட்டினம்."

அவள் கதவைத் தள்ளினாள்.

வெளியே அவ்வளவு காற்று. உள்ளே ஒரு பொட்டும் இல்லை. நீரேரிப் பக்கத்து யன்னலை ஷெல் துண்டுகளுக்குப் பயந்து மேல்வரை மண்மூட்டை அடுக்கி அடைத்திருந்தார்கள். கதவுக்கு மேலே இருந்த மரச்சட்டத் துவாரங்கள் வழியாக மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சுவரில் ஊறிக் கிடந்தது பழைய மண்ணெண்ணெய்ப் புகையின் மணம். அதற்கு அடியில் இன்னொன்று. ஈரத் திருநீற்று மணம்.

மேசையில் இளமஞ்சள் நிறப் பெட்டி. அதன்மேல் திரை. பெட்டியின் முகத்தில் குறுக்காக மூன்று நீள வெட்டுத் துளைகள் இருந்திருக்க வேண்டும். இப்போது அவை தெரியவில்லை. மூன்றின்மேலும் யாரோ குழைத்த திருநீற்றைத் தடிப்பாகப் பூசி, அது காய்ந்து சீமெந்தாகியிருந்தது.

"இதைப் பூசினது ஆர்?"

"பரமலிங்கம்." வாசலில் நின்றபடியே தம்பிஐயா சொன்னார். "வெள்ளிக்கு வெள்ளி பூசுவான். மூண்டு குறிக்கெண்டே செய்த மாதிரி மூண்டு துளை. அவனுக்கு அதிலை பெரிய புளுகம், ஒரே சந்தோசம்."

பரமலிங்கம் யார் என்று அவள் கேட்கவில்லை. அறையைப் பார்த்த மாத்திரத்திலேயே, அவர் இப்போது இல்லை என்பது தெரிந்துவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேருடைய பிறப்பு இருந்தது. தீவுக் கிராமங்களின் பதிவேடுகள் எரிவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர், பரமலிங்கம் அவற்றைப் பார்த்துப் பார்த்து அடித்து ஏற்றியிருந்தார். இன்று உலகத்தில் அந்தப் பெயர்கள் வேறெங்கும் இல்லை. ஆனால் பெட்டியைப் போட்டு நாற்பது நிமிடத்தில் அது சூடேறி உறைந்துவிடும். உறையும் ஒவ்வொரு தடவையும் டிஸ்கில் கொஞ்சப் பெயர்கள் அழிந்துபோகும். முழுவதையும் அச்சடிக்க எழுபத்தேழு பக்கம். ஒன்றரை மணித்தியாலம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் கொழும்புக்குக் கப்பல். இன்று செவ்வாய்.

விறாந்தைத் தூணோடு ஒரு பெண் குந்தியிருந்தாள். கொழும்புத்துறையில் நண்டு விற்கும் கத்தரீனா. பக்கத்தில் ஒன்பது வயது மகள் பிலோமினா. உதடும் நகமும் நாவற்பழ நிறம்.

"ரீச்சர், இவளின்ரை இதயத்திலை ஓட்டையாம். கொழும்பிலை வெட்டினாத்தான் தப்புவாளாம். பிறந்த பத்திரம் இல்லாமல் கப்பலிலை ஏத்த மாட்டினமாம்."

"இவளின்ரை பேரை மட்டும் அடிச்சுக் குடுக்கேலாதோ ஐயா?" பத்மாசினி கேட்டாள்.

தம்பிஐயா தலையாட்டினார். "ஒற்றைத் துண்டை ஒருத்தரும் நம்பமாட்டினம். கள்ளப் பத்திரம் எண்டுவினம். முழுப் பதிவும், பக்கத்துக்குப் பக்கம் ஒப்பம் வைச்சுப் போகவேணும்."

பத்மாசினி வெப்பமானியை எடுத்தாள். பெட்டியின் பின்பக்கத்தில் அட்டை செருகும் வெட்டுகள் ஐந்து வெறுமனே திறந்து கிடந்தன. ஒன்றினூடாகக் கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு, பெரிய சிப்புக்குப் பக்கத்தில் நுனியை நிறுத்தினாள். ஓடாத பெட்டி. அறையின் சூட்டைத்தான் அதுவும் காட்டும்; பிறகு ஓடும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அறை முப்பத்தொரு பாகை.

பெட்டிக்குள் முப்பத்தேழு.

"ஐயா, இதைக் கடைசியாப் போட்டது எப்ப?"

"போன சனிக்கிழமை."

மூன்று நாள். அவள் குச்சியை எடுத்து உதறினாள். தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். பிழை இல்லை. தன் கக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

முப்பத்தேழு.

அதே கோடு. காய்ச்சல் இல்லாத மனுச உடம்பின் சூடு.

மறுநாள் உச்சிக்குத்தான் ஜெனரேற்றர் கிடைத்தது. காலை முழுவதும் அது அரைக்கும் ஆலைக்கு உரியது. பன்னிரண்டு மணிக்குக் கைவண்டியில் வந்து விறாந்தையின் ஒரு மூலையில் இறங்கும். இழுத்து உயிர்ப்பித்தால் வீடே அதிரும். பக்கத்தில் நிற்பவர் கதைப்பதும் கேட்காது.

முதலில் தம்பிஐயாவின் வழியைச் சோதித்தாள். அவர் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவித்திருந்தார். திறந்து வைத்தால் காற்றுப் படும் என்பது அவர் கணக்கு. எல்லோருடைய கணக்கும் அதுதான். பத்மாசினி ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தித் திறந்த பெட்டிக்கு மேலே பிடித்தாள். புகை சிப்பின்மேல் சோம்பேறிபோலப் படுத்துக் கிடந்தது. பின்மூலையில் மின்சாரப் பேழைக்குள் இருக்கும் விசிறி தன் பக்கத்துக் காற்றை மட்டும் இழுத்துத் தள்ளியது. முப்பத்தைந்து நிமிடத்தில் ஐம்பத்தாறு பாகை. உறைவதற்கு முன்னர் அணைத்தாள்.

ஆறவிட்டு, மூடியைப் பூட்டி மறுபடி போட்டாள். இப்போது புகை பின்பக்கத்து வெறும் வெட்டுகளால் நுழைந்து, அடுத்த கணமே விசிறிப் பக்கத்தால் வெளியேறியது. குறுக்குவழி. முன்பக்கத்தில் இருந்து ஒரு நூல் காற்றும் வரவில்லை. வருவதற்கு வழியை எங்கே விட்டார் பரமலிங்கம்?

"ஐயா, உங்கடை ஆள் பக்தியிலை இதின்ரை மூக்கை அடைச்சுப்போட்டார்."

தம்பிஐயாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, பிள்ளை."

ஜெனரேற்றரை நிறுத்தியபின் அவர் படியில் இருந்துகொண்டு சொன்னார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"போன வருசம் இதே ஆடி. உச்சி நேரம். குண்டு போடப் பொம்பர் வந்தது. நான் பங்கருக்கு ஓடினன். 'முடிச்சிட்டு வாறன்' எண்டான் பரமலிங்கம். கடைசிப் பதிவேடு அது. நான் வழமைபோலை கதவைச் சாத்திப்போட்டு ஓடினன். குண்டுத் துண்டு உள்ளுக்குப் போகக்கூடாதெண்டு. சாத்தினது நான்தான். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டு நிண்டது. புகை முழுக்க விறாந்தைக் கூரைக்குக் கீழை அடைஞ்சு, கதவுக்கு மேலை இருக்கிற துவாரத்தாலை உள்ளுக்குப் போயிருக்கு. யன்னல் மண்மூட்டை. நாற்பது நிமிசம் கழிச்சு வந்து திறந்தன்."

"ம்."

"நிலத்திலை கிடக்கேல்லை. மேசைக்குப் பின்னாலை முழங்காலிலை நிண்டான். பெட்டியின்ரை பின்பக்கத்திலை, அந்த ஃபான் துளையிலை வாயை வைச்சபடி. அதிலை காத்து வரும் எண்டு நினைச்சிருப்பான். உடம்பு சுடச்சுட இருந்தது."

கத்தரீனா சிலுவைக் குறி போட்டாள். பத்மாசினி எழுந்து, சாப்பாட்டுக் கரண்டியால் பெட்டியின் முகத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

"கோவிப்பான், பிள்ளை!"

"கோவிக்கட்டும். இருக்கிற பெட்டையோ போனவரோ பெரிசு?"

மூன்று துளையும் திறந்தன. ஆசுப்பத்திரியில் எறிந்த எக்ஸ்ரே படம் ஒன்றை வாங்கி, வெட்டி, பின்பக்கத்து ஐந்து வெட்டுகளையும் பிளாஸ்திரியால் ஒட்டி மூடினாள். யாரோ ஒருவரின் விலா எலும்புகள் பெட்டியின் முதுகில் தெரிந்தன. ஒன்றில் மட்டும் வெப்பமானிக்கு ஓட்டை போட்டாள். இனிக் காற்று முன்னால் நுழைந்து, சிப்பின்மேல் தவழ்ந்து, பின்னால்தான் போகவேண்டும். வேறு வழி கிடையாது.

பெட்டி அணைந்துதான் இருந்தது. ஜெனரேற்றரும் இல்லை. இடைவெளி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஊதுபத்தியை முன்துளைக்கு நேரே பிடித்தாள்.

புகை நேராக மேலே எழுந்தது.

பிறகு வளைந்தது.

துளைகளுக்குள் போனது. மெதுவாக, இழுபட்டு, முழுவதுமாக.

நின்றது.

அதே துளைகளால் வெளியே வந்தது. அவளுடைய முகத்தில் பட்டது. சூடாக இருந்தது.

உள்ளே. வெளியே. உள்ளே.

பத்மாசினி முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். ஊதுபத்திச் சாம்பல் மடியில் விழுந்தது. ஓடுவதற்கு அவளுடைய கால்கள் ஆயத்தமாகத்தான் இருந்தன. ஆனால் விறாந்தையில் அந்தப் பிள்ளை இருமுவது கேட்டது.

"பரமலிங்கண்ணை," என்றாள் மெல்ல. "நாளைக்கு உச்சிக்கு வாறன். ஒண்டரை மணித்தியாலம் எனக்கு வேணும். குழப்பினீங்களெண்டா நல்லா இருக்காது, சொல்லிப்போட்டன்."

வியாழக்கிழமை பன்னிரண்டு ஐந்துக்கு அச்சு தொடங்கியது.

கதவு திறந்திருந்தது. தம்பிஐயா ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக உள்ளே வந்து, விழும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பம் வைத்தார். கத்தரீனாவும் மகளும் பக்கத்து வீட்டு மாமரத்தின் கீழ் இருந்தார்கள். பத்து நிமிடத்தில் நாற்பத்துமூன்று பாகை. இருபதில் நாற்பத்துநாலு. அதற்கு மேல் ஏறவில்லை. ஐம்பத்தெட்டில்தான் அது உறையும்.

"நிக்குது ஐயா! பாத்தீங்களோ? அசையாமல் நிக்குது!"

பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள். விசிறிக் காற்று உள்ளங்கையில் பட்டது. ஒரே சீராக இல்லை. விட்டு விட்டுத் தள்ளியது. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் சீராக மின்சாரம் தராது என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் தம்பிஐயாவின் பேனை நின்றது. ஜெனரேற்றர் இரைச்சலுக்கும் மேலாக வானத்தில் இன்னோர் இரைச்சல்.

"பொம்பர்! வாங்கோ பிள்ளை!"

"நீங்கள் போங்கோ. நிப்பாட்டினா டிஸ்க் போயிடும்."

அவர் ஓடினார். ஒரு வருடமாக அந்தக் கதவை நினைத்து உறங்காத மனிதர். ஆனாலும் வாசலைத் தாண்டும்போது கை தன் பழக்கத்தில் கதவை இழுத்துச் சாத்தியது.

அறை இருண்டது. திரையின் பச்சை வெளிச்சம் மட்டும். அச்சு இயந்திரம் கறகறவென்று பெயர்களை உமிழ்ந்துகொண்டிருந்தது.

முதலில் மணம் வந்தது. மேலே மரச்சட்டத் துவாரங்களால் நீலப் புகை நூல் நூலாக இறங்கியது.

நாற்பத்தாறு பாகை.

நாற்பத்தொன்பது.

மணிக்கூட்டைப் பார்த்தாள். தொடங்கி நாற்பதாவது நிமிடம்.

பின்னால் கையை வைத்தாள். காற்று மாறியிருந்தது. குட்டிக் குட்டியாக, அவசரமாக வந்தது. சூடாக. ஈரமாக.

பிறகு வரவில்லை. உள்ளே இழுத்தது.

உள்ளங்கை துளையோடு ஒட்டியது. அவளுடைய தோலின்மேல், கம்பி வலைக்கு அப்பால், மெத்தென்று ஏதோ அசைந்தது.

உதடு.

அவள் கையைப் பிடுங்கினாள். தலை சுற்றியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பரமலிங்கம் அவளுடைய மூச்சையும் உறிஞ்சித் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

ஐம்பத்திரண்டு பாகை. முப்பத்தைந்தாம் பக்கம்.

"கேட்டுக்கொள்ளுங்கோ!" கத்தினாள். "என்ரை மூச்சை எடுக்கிறதெண்டா எழுபத்தேழாம் பக்கம் வந்தாப்பிறகு எடுங்கோ! அதுக்கு முதல் ஒரு பேரையும் தரமாட்டன்!"

கதவைத் திறக்கலாமா? திறந்தால் இதற்குள் விறாந்தையில் அடைந்துவிட்ட புகை முழுவதும் உள்ளே வரும். அப்போதுதான் அவளுக்குப் பட்டது. இந்த அறையும் ஒரு பெட்டிதான். மூக்கை அடைத்துவிட்டு வாயைத் திறந்து என்ன பயன்? சோழகம் வருவது நீரேரிப் பக்கத்தால். முன்துளை அந்த யன்னல். பின்துளை இந்தக் கதவு.

மேல் மூட்டையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. வானத்தில் இரைச்சல் திரும்பி வந்தது. கதிரையின் மேல் ஏறி, தோளை முண்டு கொடுத்து வெளியே தள்ளினாள். ஒரு மூட்டை வெளியே விழுந்தது. இன்னொன்று. மூன்றாவது கிழிந்து, மணல் தலையில் கொட்டியது. உப்புக் காற்று ஒரு குடம் தண்ணீரைப்போல முகத்தில் அடித்தது.

நீரேரிக்கு அப்பால் எங்கேயோ குண்டு விழுந்தது. சுவர் உதறியது. அவள் நிற்கவில்லை. உருண்டு ஓடிக் கதவை அகலத் திறந்தாள். சோழகம் அறைக்குள் நுழைந்து, புகையைக் கழுத்தில் பிடித்துக் கதவால் வெளியே தள்ளிக்கொண்டு போனது. பெட்டியின் முகம் யன்னலைப் பார்க்கும்படி மேசையோடு சேர்த்துத் திருப்பினாள்.

ஐம்பது.

நாற்பத்தேழு.

நாற்பத்துநாலு.

பெட்டியின் பின்னாலிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. ஜெனரேற்றர் சத்தத்துக்குள்ளும் அது அவளுக்குக் கேட்டது.

ஒன்று நாற்பதுக்கு எழுபத்தேழாம் பக்கம் விழுந்தது. தம்பிஐயா முகம் முழுக்கப் புழுதியோடு வாசலில் நின்று, திறந்திருந்த கதவைப் பார்த்து, அவளைப் பார்த்து, சிறு பிள்ளைபோல அழுதார்.

"அழாதேங்கோ ஐயா. இன்னும் நாற்பத்தைஞ்சு பக்கத்துக்கு ஒப்பம் வைக்கக் கிடக்கு."

வெள்ளிக்கிழமை கப்பலில் பதிவுக் கட்டும் போனது, பிலோமினாவும் போனாள். ஆவணியின் நடுவில் கத்தரீனாவின் கடிதம் வந்தது. பிள்ளையின் உதடு இப்போது சிவப்பு என்று எழுதியிருந்தாள்.

அடுத்த நாள்தான், ரேடியோ திருத்தும் சீவரத்தினத்தைக் கூப்பிட்டு, விசிறிக்கு எண்ணெய் விடச் சொன்னாள் பத்மாசினி. அவர் மின்சாரப் பேழையைக் கழற்றித் திறந்தார்.

"ரீச்சர், இதோடையோ நீங்கள் ஒண்டரை மணித்தியாலம் ஓட்டினனீங்கள்?"

"ஓம். ஏன் அண்ணை?"

விசிறியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வயர் எரிந்து கறுத்திருந்தது. அச்சில் துரு இறுகியிருந்தது. இதழுக்கு இதழ் சிலந்தி வலை பின்னியிருந்தது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

"இது சுத்தி ஒரு வருசமாவது இருக்கும்."

தம்பிஐயா மெதுவாகப் படியில் இருந்தார்.

பத்மாசினி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். விட்டு விட்டு வந்த காற்று. குட்டிக் குட்டியாய், அவசரமாய், சூடாய். ஒரு மனிதன் தன்னால் முடிந்த மட்டும் ஊதினால் எப்படி இருக்குமோ, அப்படி. மூச்சு முட்டும் நாற்பதாவது நிமிடம் வரை.

"வேறை ஃபான் கிடைக்காது, கொழும்பிலையிருந்து வரத் தடை," என்றார் சீவரத்தினம். பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டார். பெட்டியின் முதுகில் வெறும் வட்ட ஓட்டை. "இனி இதைப் போடாதேங்கோ, ரீச்சர். எரிஞ்சுபோம்."

மேசையில் அடுத்த கிராமத்துப் பதிவேடு வந்து கிடந்தது. ஓரம் கருகிய ஏடு. இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர்.

"போடுவன்," என்றாள்.

உச்சிக்கு ஜெனரேற்றர் வந்தது. அவள் கதவையும் யன்னலையும் அகலத் திறந்து வைத்தாள். அச்சுத் தாளின் ஓரத்தில் துளைத் துளையாய் ஓடும் கடதாசி நாடாவில் ஒரு சாண் கிழித்து, அந்த வட்ட ஓட்டைக்கு மேலே ஒட்டித் தொங்கவிட்டாள். பெட்டியைப் போட்டாள். நாற்பத்துநாலு பாகையில் வெப்பமானி நின்றது. நாற்பதாவது நிமிடத்தில், ஏற்றியதைப் பத்திரப்படுத்திவிட்டு, தானே அணைத்தாள்.

"ஆறுங்கோ, பரமலிங்கண்ணை. அரை மணித்தியாலத்தாலை திரும்பத் தொடங்குவம்."

ஜெனரேற்றரும் நின்றது. சோழகம் விழுந்துவிட்ட நேரம், பனையோலைகூட அசையவில்லை. வீடு முழுக்க அமைதி.

பெட்டியின் பின்னால், கடதாசி நாடா எழுந்தது.

தாழ்ந்தது.

எழுந்தது.